மாவு, வடகம், மழை: பெரம்பூர் அக்காவிடம் கேட்டவை

40 வருஷமாகப் பெரம்பூரில் சமைக்கிறேன். எந்தப் பருவத்தில் வீட்டில் என்ன, எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பிரியாணி, பலகாரம் பக்கம் போகவில்லை. அன்றாடச் சோறு, குழம்பு, இட்லி மட்டும்.

வேளச்சேரியிலிருந்து: அக்கா, மே மாசம் ராத்திரி அரைத்து வைக்கும் மாவு காலையில் பொங்கி வழிந்து, புளிப்பு தாங்க முடியவில்லை. உளுந்து ஜாஸ்தியா?

உளுந்தின் மேல் பழி போடாதீர்கள். 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் முழு உளுந்து, இது எனக்கு வருஷம் பூரா மாறாது. மாறுவது நேரம். கத்திரி வெயில் நாளில் சாயந்திரம் 6 மணிக்கு அரைத்தால், படுக்கப்போகும் முன் ஒருதரம் பாத்திரத்தைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் குமிழி கட்டி, கரண்டியால் தொட்டதும் 'புஸ்' என்று அமுங்கினால் போதும், ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். உளுந்தை ஃபிரிட்ஜிலேயே ஊறவைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து அரைத்தால் கிரைண்டர் சூட்டில் மாவு கெடாது.

அம்பத்தூரிலிருந்து: எனக்கு நேர்மாறு. மார்கழியில் மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. 'உன் கைராசி அப்படி' என்கிறார் மாமியார்.

கைராசி ஒன்றுமில்லை கண்ணு. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர் பெரும்பாலும் உளுந்தோடேயே வந்துவிடுகிறது. கையால் கலந்தால் உப்பு சீராகச் சேரும், கைச்சூடு கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, ஜன்னல் இல்லாத மூலையில் வையுங்கள். 12 மணி நேரம், சில நாள் 14 கூட ஆகும். மாமியாரோடு வாதம் வேண்டாம். இட்லி பூவாக வந்தால் அவரே வந்து கேட்பார்.

கொளத்தூரிலிருந்து: வெங்காய வடகம் போட ஆசை. மொட்டைமாடிச் சாவி கிடைக்காது, பால்கனி மட்டும்தான். நடக்குமா?

நடக்கும். எங்கள் குடியிருப்பிலும் ஒருமுறை மாடியைப் பூட்டிவிட்டார்கள். காக்கா என் வடகத்தைக் கவ்விக்கொண்டு போய், யாரோ வெளுத்துக் காயப்போட்ட வேட்டியில் வைத்துவிட்டதுதான் காரணம். மஞ்சள் கறை. வேட்டிக்காரர் பக்கமும் நியாயம் இருந்தது.

பங்குனியில் ஆரம்பித்துவிடுங்கள். 1 கிலோ சின்ன வெங்காயத்தை உரித்து, விழுதாக்காமல் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். மிக்ஸியானால் இரண்டே சுற்று. பூண்டு ஒரு கை, ஊறவைத்த உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள்தூள், கல் உப்பு, கறிவேப்பிலை. எல்லாம் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் பாத்திரத்தின் அடியில் சாறு நிற்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், வடகத்தின் உயிரே அதுதான். பிழிந்து உருண்டை பிடித்துத் தாம்பாளத்தில் வெயிலுக்கு வையுங்கள். சாயந்திரம் உருண்டைகளை உதிர்த்து அந்தச் சாற்றிலேயே போட்டுவிடுங்கள். மறுநாள் மறுபடி பிழிந்து, உருட்டி, வெயில். சாறெல்லாம் உள்ளே போன பிறகு விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து உருட்டிக் காயவிடுங்கள். பூச்சி அண்டாது. மாடியில் 10 நாள் என்றால் பால்கனியில் 15 நாள். தட்டினால் கூழாங்கல் மாதிரி 'டக்' என்று சத்தம் வரவேண்டும்.

அந்தப் பதினைந்து நாளும் வீடு நாறும், சொல்லிவிட்டேன். ஆனால் எண்ணெயில் ஒரு துண்டு உதிர்த்துப் போட்டதும் எழும் மணத்தில் அதெல்லாம் மறந்துபோகும்.

ராயபுரத்திலிருந்து: தடைக்காலத்தில் மீன் இல்லாமல் வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை.

உங்களுக்கே இப்படியென்றால் நாங்கள் எங்கே போவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுதான் போகாது. சின்னப் படகுகள் கரையோரம் போய்வருகின்றன. காலையிலேயே போனால் நெத்திலி, சங்கரா அகப்படும், விலையைக் கேட்டுத்தான் மூச்சு நிற்கும். நான் அந்த இரண்டு மாசமும் கருவாட்டுக்குப் போய்விடுவேன். மொச்சை, கத்திரிக்காய், கருவாடு, கடைசியில் இரண்டு துண்டு மாங்காய். மீன் முட்டையிடும் காலம் என்றுதான் தடையே வைத்திருக்கிறார்கள், இதற்குப் போய் கோபப்படவும் முடியவில்லை.

தரமணி அறையிலிருந்து: எங்களிடம் ஒரு ரைஸ் குக்கர் மட்டும். வெயிலுக்கு என்ன?

தம்பி, ராத்திரி மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வை. காலையில் மோர், உப்பு, சின்ன வெங்காயம். ஊருக்குப் போகும்போது மோர்மிளகாய் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வா.

மடிப்பாக்கத்திலிருந்து: ஐப்பசி, கார்த்திகை மழையில் காய் விலையும் ஏறுகிறது, தெருவில் தண்ணீரும் ஏறுகிறது. என்னதான் சமைப்பது?

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த மாவு, தேங்காய், பால் எல்லாம் போச்சு. எங்களைக் காப்பாற்றியது அலமாரி. அரிசி, புளி, சுண்டைக்காய் வற்றல், ஏப்ரலில் போட்ட வடகம். முதல் நாள் வற்றல் குழம்பு, மறுநாள் வெறும் புளியில் வடகக் குழம்பு, மூன்றாம் நாள் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும். கீழ்வீட்டில் தண்ணீர் புகுந்து அவர்களும் மேலே வந்துவிட்டார்கள், ஏழு பேர். அந்த உருண்டைகளைப் பார்த்து 'இந்த நாத்தம் தேவையா' என்று மூக்கைப் பொத்திய என் மகன்தான் இரண்டாம் தரம் குழம்பு கேட்டான்.

தக்காளி விலை ஏறினால் அழவேண்டாம். மே மாசம் மாங்காய் மலிந்து கிடக்கும்போது நறுக்கி, உப்புப் போட்டுக் காயவைத்த மாங்காய் வற்றல் இருந்தால் சாம்பாருக்கு நாலு துண்டு போதும். கீரையை அடைமழை நாட்களில் நான் வாங்குவதில்லை. எத்தனை தண்ணீர் மாற்றினாலும் மண் போகாது.

மயிலாப்பூரிலிருந்து: மாவடு பக்குவம் சொல்லுங்களேன்.

எனக்குக் கைவராது. மூன்று வருஷம் போட்டேன், மூன்று வருஷமும் பூஞ்சை. உங்கள் பேட்டையிலேயே கேட்டுப் பாருங்கள், வீட்டுக்கு வீடு நிபுணர் இருப்பார்.

திருவொற்றியூரிலிருந்து: சித்திரை ஒன்றாம் தேதி வேப்பம்பூவைக் கண்டாலே பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

பூவை மாங்காய்ப் பச்சடியில் கொதிக்கவிடாதீர்கள், கசப்பு முழுக்க இறங்கிவிடும். நெய்யில் கருகக் கருக வறுத்து, பரிமாறும்போது மேலே கிள்ளிப் போடுங்கள். வெல்லம் கூடவே இருக்கட்டும். என் பேத்தி போன வருஷம் பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள். ஒன்று மட்டும் வாய்க்குள் போனது. அது போதும் என்று விட்டுவிட்டேன்.