பி.காம் படிக்கிற பெண்ணுக்குக் கிராமத்தில் என்ன பாடம்?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் பி.காம் இரண்டாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் 2 கிரெடிட்டுக்கு ஒரு பாடம் வைத்து, சனிக்கிழமை தோறும் பக்கத்துக் கிராமத்து மகளிர் குழுக்களின் கணக்கைப் பார்க்க அனுப்புகிறார்கள். பேங்க் பரீட்சைக்குத் தயாராகிற நேரத்தில் இது எதற்கு, விலக்கு வாங்க வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். விலக்கு கேட்க வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் கவலையில் நியாயமான பகுதியும் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

கல்லூரியிலிருந்து கிராமத்துக்குப் போவது நமக்குப் புதிதில்லை. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டு, நடுவில் ஏழு நாள் முகாம். நம் கலை அறிவியல் கல்லூரிகளில் மதிப்பெண் பட்டியலின் பகுதி 5-இல் விரிவாக்கப் பணிக்கென்று ஒரு கிரெடிட் பெரும்பாலும் இருக்கும். மரம் நடுவார்கள், கோயில் குளத்தைச் சுத்தம் செய்வார்கள், கிரெடிட் ஏறிவிடும். நல்ல வேலைதான், ஆனால் மாணவி படிக்கிற பாடத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. வணிகவியல் படித்தாலும் வேதியியல் படித்தாலும் அதே மண்வெட்டிதான்.

உங்கள் மகளுக்கு வந்திருப்பது வேறு வகை. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை சமூகப் பணியைக் கிரெடிட் உள்ள பாடமாக்கச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென்றே 2 கிரெடிட்டில் ஒரு பாடத்தை வகுத்து, பாதி நேரமாவது களத்தில் கழிய வேண்டும் என்றது. இதில் கிரெடிட் கிடைப்பது போய்வந்ததற்காக அல்ல. வகுப்பில் படித்ததை ஓர் ஊரின் தேவையோடு பொருத்தி, அங்கே கற்றதைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவந்து எழுதிக் காட்டுவதற்காக. இந்த வேறுபாட்டை மட்டும் நீங்களும் உங்கள் மகளும் பிடித்துக்கொண்டால் போதும்.

தமிழ்நாட்டில் இதைப் பல காலமாகச் செய்து வருபவர்களும் உண்டு. 1956-இல் தொடங்கிய காந்திகிராம ஊரக நிறுவனத்தில் மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பது படிப்பிலேயே ஒரு பகுதி. வேளாண் பட்டப்படிப்பில் இறுதி ஆண்டு மாணவர்கள் ஊரில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்யாமல் பட்டம் வாங்க முடியாது. இப்போது எம்.பி.பி.எஸ். மாணவர்களும் முதல் ஆண்டிலிருந்தே கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளையை அனுப்ப நாம் தயங்குவதில்லை. பி.காம் என்றதும் மட்டும் தயக்கம் வருகிறது, ஏனென்றால் கணக்குக்கு ஊரில் என்ன வேலை என்று நினைக்கிறோம்.

கணக்குக்குத்தான் ஊரில் பெரிய வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1992-இல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு இந்தக் குழுக்களை வங்கிக் கடனோடு இணைத்தது. இன்றைக்கு ஒவ்வொரு குழுவிலும் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு என்று நாலைந்து புத்தகங்கள் இருக்கும். எழுதுவது ஊக்குநரோ பிரதிநிதியோ, பல இடங்களில் அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ. ரொக்கப் புத்தகத்தின் இருப்புக்கும் பாஸ்புக்குக்கும் முந்நூறு ரூபாய் ஒத்துவராமல் நிற்கும், அது எந்த மாதம் பிசகியது என்று யாருக்கும் தெரியாது. வங்கிச் சரிக்கட்டுப் பட்டியல் என்று உங்கள் மகள் முதல் ஆண்டில் பத்து மதிப்பெண்ணுக்குப் படித்தது இதைத்தான்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவியின் அனுபவத்தைச் சொல்கிறேன். குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது ஓர் அக்கா, தான் வெளியே ஒரு பைனான்ஸில் வாங்கிய கடனின் அட்டையைக் காட்டினார். 10,000 ரூபாய் கடன். மாதம் 1,100 வீதம் பத்து மாதம் கட்ட வேண்டும். "பத்து சதவீத வட்டிதான்மா" என்றார். இந்தப் பெண் வீட்டுக்கு வந்து எக்செல்லில் போட்டுப் பார்த்தாள். முதல் மாதத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது, வட்டி மட்டும் கடைசி வரை முழுப் பத்தாயிரத்துக்கும் போகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது. இந்தக் கணக்கைப் போடுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை பதினைந்து பெண்களுக்கு அதைப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது. சூத்திரம் சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. அப்புறம் பத்துப் புளியங்கொட்டையைத் தரையில் வைத்து, மாதத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே வந்து, "இப்ப உங்க கையில மூணுதான் இருக்கு, வட்டி பத்துக்கும் கட்டுறீங்க" என்றாள். உடனே ஒருவர், "அப்ப பேங்க்காரங்க சொல்ற வட்டியும் இப்படித்தானா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி அவள் வங்கிக் கிளைக்குப் போய்க் கடன் விதிகளைக் கேட்டு வந்தாள். முழு அசலுக்கும் கடைசி வரை போடுகிற வட்டி, குறையும் அசலுக்குப் போடுகிற வட்டி இரண்டையும் அவள் இனி எந்தப் பரீட்சையிலும் மறக்கப் போவதில்லை.

பேங்க் வேலை என்கிறீர்கள். அதிகாரி பதவிக்கான தேர்வில் நேர்முகம் உண்டு, வேலை கிடைத்த பின் கிராமக் கிளையிலும் உட்கார வேண்டியிருக்கும். மகளிர் குழுக் கடன் பற்றிப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தவரும், குழுவின் பேரேட்டைத் திருத்தியவரும் பேசுகிற விதம் ஒன்றாக இருக்காது. வங்கியோடு நிற்கவும் வேண்டாம். 2013-இன் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்துக்குக் கணக்கு வைக்கவும் களத்தில் சரிபார்க்கவும் வணிகவியல் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

ஆனால் இந்த 2 கிரெடிட்டே வேலை வாங்கித் தந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பயோடேட்டாவில் 'கிராமத்தில் சேவை செய்தேன்' என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். 'இரண்டு மகளிர் குழுக்களின் பன்னிரண்டு மாதக் கணக்கைப் பாஸ்புக்கோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் கண்டறிந்து, ஊக்குநருக்குப் பயிற்சி கொடுத்தேன்' என்று எழுதினால் கேள்வி கேட்பார்கள். அதற்கு அவள் ஒரு களக் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். போய்வந்த அன்று இரவே எழுதச் சொல்லுங்கள்: யாரைப் பார்த்தேன், என்ன கேட்டார்கள், எனக்கு எது தெரியவில்லை. செமஸ்டர் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதுகிற அறிக்கை பெரும்பாலும் கற்பனைதான், வாசிக்கிறவருக்கு அது தெரிந்துவிடும்.

இனி நியாயமான கவலைகள். சில கல்லூரிகளில் இது பேனர் பிடித்துப் போட்டோ எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. உங்கள் மகளின் கல்லூரி எப்படி என்று தெரிந்துகொள்ளத் துறைத் தலைவரைப் பார்த்துக் கேளுங்கள்: மதிப்பெண் எதற்குக் கொடுக்கிறீர்கள், வருகைக்கா, அறிக்கைக்கா? அந்தக் குழுவிடம் முன்பே பேசி அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? செமஸ்டர் முடிந்த பிறகு பாதியில் நிற்கும் கணக்கை யார் தொடர்வார்கள்? மூன்றாவதற்குப் பதில் இருந்தால் நம்பி அனுப்பலாம். நம் பிள்ளைகள் பழகிப் பார்க்கும் இடமாக மட்டும் ஓர் ஊரை நடத்துவது தவறு. அந்தப் பெண்கள் கூலி வேலையை விட்டுவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருகிறார்கள்.

இன்னொன்றையும் கேட்கச் சொல்வேன். ஊருக்குள் இருக்கும் குழுக்களோடு நின்றுவிடுகிறார்களா, காலனியில் இருக்கும் குழுக்களுக்கும் போகிறார்களா? பஸ் நிற்கிற இடத்திலேயே வேலையை முடித்துக்கொண்டு திரும்பும் கல்லூரிகள் நிறைய. இதைப் பெற்றோர் கேட்டால் கல்லூரி காது கொடுக்கும்.

பெண் பிள்ளை என்ற பயம் எனக்குப் புரிகிறது. கூடவே ஓர் ஆசிரியை வருகிறாரா, போகவர வண்டி கல்லூரியுடையதா, கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு, இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இவற்றுக்கு மழுப்பினால் மட்டும் அனுப்பத் தயங்குங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்பேன். சனிக்கிழமை வகுப்பு வேறு இருந்தால் ஓ.டி. (கல்லூரி வேலையாக வெளியே போனதற்கான வருகை) பதிவாகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 75 சதவீத வருகையில் இடிக்கும்.

பேங்க் பரீட்சைக்கான பயிற்சியை ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பாடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ள வேண்டாம். மூன்றாம் ஆண்டில் புராஜெக்ட் வரும்போது, இப்போது சேர்க்கிற மகளிர் குழுத் தகவலையே அதற்கும் பயன்படுத்தலாமா என்று வழிகாட்டி ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். துறைத் தலைவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். குறிப்பேட்டின் முதல் சில பக்கங்களை மகள் அனுப்பினால், எதை இன்னும் கவனிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.