மழைமானியும் வகுப்பறையும்

கேள்வி: காரைக்குடி அருகே அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். வளிமண்டல அறிவியலை மாணவர்கள் எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள் என்பதை ஆராய விரும்புகிறேன். தனியொருத்தியால் இயலுமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இயலும், அம்மா, ஆனால் தனியாகச் செய்ய வேண்டாம். வானிலையை அறிந்தவர்களுக்குக் கற்றலை அளக்கும் முறைகளும், கல்வியியல் பயின்றவர்களுக்கு மேகத்தின் இயற்பியலும் பெரும்பாலும் பழக்கமில்லாதவை என்பதால், இரு தரப்பினரும் சேர்ந்து வினாக்களை அமைப்பதே இத்துறைக்கு உயிர். அழகப்பா பல்கலைக்கழகம் அருகிலேயே இருப்பது உங்களுக்கு நல்வாய்ப்பு.

சிறிய கேள்வியிலிருந்து தொடங்குங்கள். மேகம் என்பது நீராவியே என்று மாணவர்கள் பலர் நம்புகிறார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது, நாம் காண்பது நுண்ணிய நீர்த்துளிகளையும் பனித்துகள்களையுமே. பாடத்துக்கு முன்பும், பின்பும், சில மாதங்கள் கழித்தும் ஒரே வினாக்களைக் கேட்டு, விடைகளோடு அவர்கள் கூறும் காரணங்களையும் அவர்களுடைய சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். என் அனுபவத்தில், அந்தக் காரணங்களே மதிப்பெண்களைவிட அதிகம் கற்பிக்கின்றன.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை இதற்கு ஏற்ற காலம். மாணவர்களோடு மழையை அளக்கும்போது, மழைமானியை வீட்டு முற்றத்தில் வைக்காதீர்கள். தாழ்வாரத்து ஓட்டிலிருந்து வழியும் நீர் அளவைக் கெடுத்துவிடும். திறந்தவெளியில் வைத்து, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கப்படி காலை 8.30 மணிக்கு அளந்தால், தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பள்ளிகளின் அளவுகளோடு ஒப்பிடலாம். அப்பள்ளி ஆசிரியர்களையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.