யூரிக் அமிலம் 'நார்மல்'... ஆனாலும் கால் கட்டைவிரலில் உயிர் போகும் வலி ஏன்?

கேள்வி: என் வயது 54. தஞ்சாவூர் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் குலதெய்வம் கோயிலில் கெடா வெட்டு. சாப்பிட்டு வந்து படுத்தவனுக்கு இரவு 2 மணி வாக்கில் வலது கால் கட்டைவிரல் மூட்டில் பயங்கர வலி. விடிந்து பார்த்தால் சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. போர்வை பட்டால்கூடத் தாங்க முடியவில்லை. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 6.4 இருந்தது, 'நார்மல்' என்றார்கள். மருந்துக்கடையில் கொடுத்த டைக்ளோஃபினாக் மாத்திரையில் ஒரு வாரத்தில் சரியானது. மிச்ச மாத்திரை வீட்டில் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்பும் இப்படி வந்தபோது சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினேன். பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை எடுக்கிறேன். பருப்பு, தக்காளியை நிறுத்தச் சொல்கிறார்கள். என் மனைவிக்கும் கட்டைவிரல் ஓரம் எலும்பு புடைத்து வலிக்கிறது. இருவருக்கும் ஒரே நோய்தானா?

பதில்: உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவைவிட நீங்கள் எழுதிய அந்தப் போர்வைதான் எனக்கு அதிகம் சொல்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒருவர் ஒரு காலில் செருப்பும் மறு காலில் வெறும் துணியுமாக, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் குனிந்து கையை நீட்டினேன், அவ்வளவுதான். விரல் படுவதற்கு முன்பே காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ராத்திரியில் திடீரென்று தொடங்கி, ஒரே நாளுக்குள் உச்சத்துக்குப் போய், தொடவே விடாத கட்டைவிரல் மூட்டு வலி என்றால் முதலில் நினைக்க வேண்டியது 'கவுட்' என்கிற யூரிக் அமில மூட்டு நோயைத்தான். உங்களுக்கு வந்ததும் பெரும்பாலும் அதுவே. நான்கு வருடத்துக்கு முன் வந்த 'சுளுக்கு'ம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் 6.4 எப்படி நார்மல் ஆனது? கவுட் வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் தற்காலிகமாக இறங்கிவிடுவது உண்டு. அன்று எடுத்த ஒரு அளவை வைத்து கவுட் இல்லை என்று சொல்லவே முடியாது. வலி முழுதும் அடங்கி இரண்டு வாரமாவது கழிந்த பிறகு திரும்ப எடுக்க வேண்டும். உங்களுக்கு அந்த நாள் இப்போது நெருங்கிவிட்டது. கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. வலியே வராத ஒருவர் முழு உடல் பரிசோதனையில் யூரிக் அமிலம் 7.5 என்று பார்த்துவிட்டு, பயந்துபோய் மாத்திரை தொடங்கிவிடுகிறார். அளவு கூடியிருப்பது மட்டுமே நோய் ஆகாது.

ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராம் வரை கரைந்திருக்கும். அதற்கு மேல் போனால் பாகு முற்றிக் கற்கண்டு கட்டுவது போல, மூட்டுக்குள் ஊசி ஊசியான படிகங்களாகப் படியத் தொடங்குகிறது. உடம்பின் நடுப்பகுதியைவிடப் பாதம் குளிர்ச்சியான இடம் என்பதால் அங்கே படிகம் கட்டுவது எளிது. அது சத்தமில்லாமல் வருடக்கணக்கில் நடக்கும். ஒருநாள் வெள்ளை அணுக்கள் அந்தப் படிகங்களைத் தாக்கப் போகும்போதுதான் இந்த ரகளை. சந்தேகம் இருந்தால் வீங்கிய மூட்டிலிருந்து ஊசியில் நீர் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். படிகம் தெரிந்துவிட்டால் பிறகு வாதமே இல்லை.

கெடா விருந்துக்கு இதில் பங்கு உண்டு. ஈரல், சுவரொட்டி, குடல் எல்லாம் யூரிக் அமிலத்தை ஏற்றும். மது, அதிலும் பீர், இன்னும் மோசம். வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காமல் விட்டாலும் வரும். ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது பிரஷர் மாத்திரை. அதிலுள்ள ஹைட்ரோகுளோரோதையசைடு சிறுநீரைப் பிரிய வைக்கும் மருந்து, அது யூரிக் அமிலம் வெளியேறுவதைக் குறைத்துவிடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் எகிறிவிடும். கட்டைவிரலில் வந்த வலியை உங்கள் மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரை கேளுங்கள். லோசார்ட்டான் போன்ற சில பிரஷர் மருந்துகள் யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். பலருக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய உதவி.

அடுத்தது வீட்டில் இருக்கும் அந்த டைக்ளோஃபினாக். தயவுசெய்து அதை இனி தொடாதீர்கள். டெல்மிசார்ட்டான், சிறுநீர் பிரிக்கும் மருந்து, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் உள்ளே போனால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, நன்றாக இருந்த சிறுநீரகம்கூடச் சில நாளில் செயலிழக்கலாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் நல்லது, ஆனாலும் கிரியாட்டினின் பார்த்தே ஆக வேண்டும். இன்னொரு விஷயம், கவுட் வலி மருந்தே இல்லாவிட்டாலும் ஒன்று இரண்டு வாரத்தில் தானாக அடங்கும். அதனால் எண்ணெய் நீவியதும் பச்சிலை கட்டியதும் 'கேட்டது' போலத் தோன்றும்.

மறுபடி வந்தால் முதல் நாளே மருத்துவரைப் பாருங்கள். கவுட் வீக்கத்தை அடக்கும் கோல்ச்சிசின் மாத்திரையைக் குறைந்த அளவில் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். சிறுநீரகத்தில் குறை இருந்தால் அதன் அளவை மாற்ற வேண்டும், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குடன் சேர்க்கவும் கூடாது. கோல்ச்சிசின் ஒத்துவராதவர்களுக்கு சில நாட்களுக்கு ஸ்டீராய்டு தருவோம். வீட்டில் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். நீவக் கூடாது, சூடான ஒத்தடமும் வேண்டாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், விரலில் புண் இதில் எது இருந்தாலும், அதுவும் சர்க்கரை நோயாளியாக இருந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் கவுட் போலவே சிவந்து வீங்கும்.

பருப்பையும் தக்காளியையும் விட வேண்டாம். பருப்பு, கீரை, காளான் போன்றவற்றில், உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் இருப்பது உண்மைதான். ஆனால் இறைச்சியும் மீனும் கவுட்டைக் கூட்டுவது போலத் தாவர உணவுகள் கூட்டுவதில்லை. சாம்பாரை நிறுத்திவிட்டு வெறும் ரசமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டு இளைத்துப்போய் வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. குறைக்க வேண்டியது உள்ளுறுப்புக் கறி, ஆட்டுக்கறி, மத்தி, நெத்திலி, மது, அப்புறம் பலரும் மறந்துவிடும் இனிப்புக் குளிர்பானம். மோர் தாராளமாகக் குடிக்கலாம், உப்பைக் குறைத்து.

உணவால் யூரிக் அமிலம் கொஞ்சம்தான் இறங்கும். வருடத்துக்கு இரண்டு தடவையோ அதற்கு மேலோ வலி வந்தால், தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டி போலப் படிந்திருந்தால், அல்லது சிறுநீரகக் கல்லோ சிறுநீரகக் குறைபாடோ இருந்தால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் போன்ற மருந்தை நீண்ட காலம் எடுக்க வேண்டியிருக்கும். நான்கு வருடத்தில் இரண்டு தடவை என்பதால், கிரியாட்டினின் சரியாக இருந்தால், உங்களுக்கு அவசரம் இல்லை. தொடங்கினால் 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே ஆரம்பித்து, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வரும்வரை படிப்படியாகக் கூட்டுவோம். முதல் சில மாதங்களில் பழைய படிகங்கள் கரையும்போது வலி திரும்ப வரலாம். அதனால்தான் கூடவே கோல்ச்சிசினும் தருகிறோம். 'மாத்திரையால்தான் வலி' என்று நினைத்து நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். வலிக்காக நிறுத்த வேண்டாம். ஆனால் உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மறு மாத்திரை போடாமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இனி உங்கள் மனைவி. அவருடைய வலி வேறு ஜாதி. கட்டைவிரல் இரண்டாவது விரலை நோக்கிச் சாய்ந்து, உள்பக்க ஓரத்தில் எலும்பு புடைத்திருந்தால் அது ஹாலக்ஸ் வால்கஸ் என்கிற விரல் கோணல். குடும்பத்தில் வரும், பெண்களுக்கு அதிகம், முன்பக்கம் குறுகிய செருப்பு அதை மோசமாக்கும். அவரை வெறுந்தரையில் நிற்கவைத்து காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். செருப்பை அந்தக் கோட்டின்மேல் வைத்தால் கோடு வெளியே தெரிகிறதா? தெரிந்தால் அந்தச் செருப்பு அவருக்குச் சிறியது. கட்டைவிரலுக்கு வளையம் வைத்த செருப்பும் புடைப்பில் உரசும். அகலமான, மெத்தென்ற செருப்பிலேயே பலருக்கு வலி போய்விடும். அழகுக்காக அறுவை சிகிச்சை வேண்டாம், நடக்க விடாத வலிக்கு மட்டும்.

புடைப்பு ஓரத்தில் இல்லாமல் மூட்டின் மேல்பக்கம் இருந்து, குந்தி உட்காரும்போதும் அடி எடுத்து வைக்கும்போதும் வலித்தால் அது மூட்டுத் தேய்மானம். குதிகாலைத் தரையில் வைத்தபடி கட்டைவிரலைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். நன்றாக வளையும் விரல் 60 டிகிரிக்கு மேல் எழும்பும், தேய்ந்த மூட்டு பாதியிலேயே மரக்கட்டை மாதிரி நின்றுவிடும். வளையாத அடிப்பாகம் கொண்ட, முன்பக்கம் சற்று மேலே வளைந்த காலணி இதற்கு நல்லது. விரலின் அடியில் அழுத்தினால் மட்டும் வலிக்கிறது என்றால், அங்கே பட்டாணி அளவில் இருக்கும் இரண்டு குட்டி எலும்புகளில் அழற்சி. வெறுங்காலோடு தட்டி ஆடும் பரதநாட்டியப் பெண்களிடம் இதைப் பார்க்கிறேன்.

வலி எங்கே என்று அவரிடம் வாயால் கேட்காமல், ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கால் எக்ஸ்-ரேயை நின்ற நிலையில் எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் உங்கள் மருத்துவரிடம் போகும்போது பிரஷர் மாத்திரை அட்டையையும் அந்த டைக்ளோஃபினாக் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.