தொட்டிக்கு 2,400 டாலர், மண்ணுக்கு எவ்வளவு?

கேள்வி: மகளும் மருமகனும் அமெரிக்காவின் நியூஜெர்சியில் வீடு வாங்குகிறார்கள். முன்பணத்துக்கு நான் 120,000 அமெரிக்க டாலர் தருகிறேன். தோட்டத்தில் பழைய எண்ணெய்த் தொட்டி புதைந்திருப்பது பரிசோதனையில் தெரியவந்தது. 'அந்தக் காலத்திலேயே மணல் நிரப்பி மூடிவிட்டோம்' என்கிறார் விற்பவர். தாள் எதுவும் இல்லை. விலையில் 5,000 டாலர் குறைக்கிறாராம். தொட்டியை எடுக்க ஒரு குத்தகையாளர் 2,400 டாலர்தான் கேட்கிறார். நமக்கு லாபம்தானே?
– ஈசூன் வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஒப்புக்கொள்ள வேண்டாம். 2,400 டாலர் இரும்புக்கான விலை. அதன் அடியிலுள்ள மண்ணுக்கு இன்னும் யாரும் விலை சொல்லவில்லை.

வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்கும் தேவை நமக்கு இல்லாததால் ஒரு சிறு விளக்கம். குளிர்ப் பகுதிகளின் பழைய வீடுகளில் 550, 1,000 கேலன் இரும்புத் தொட்டிகளைப் புதைத்து வைத்தார்கள். உள்ளே வியர்த்து இறங்கும் நீர் எண்ணெய்க்கு அடியில் தேங்கி, அடித்தகட்டை அரிக்கும். தரைக்கு மேல் ஒன்றும் தெரியாது. மணல் நிரப்பினாலும் அதற்கு முன்பே கசிந்தது மண்ணில்தான் இருக்கும். அது நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டால் செலவு பல்லாயிரம் டாலராகும். நியூஜெர்சியின் 1976ஆம் ஆண்டுக் கசிவுச் சட்டப்படி, மாசு தெரிந்தே வாங்கியவரும் பொறுப்பாளி. பரிசோதனை அறிக்கை கையில் இருக்கும்போது தெரியாது என்று சொல்ல வழியில்லை. வீட்டுக் காப்புறுதியும் பெரும்பாலும் கைவிரிக்கும்.

ஆகவே வீடு கைமாறுமுன், விற்பவரே தம் பெயரில் நகராட்சி அனுமதி வாங்கி, தம் செலவில் தொட்டியை எடுக்கட்டும். குத்தகையாளரிடம் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் சான்றிதழும், மாசுக்கான காப்புறுதியும் இருக்க வேண்டும். சாதாரணப் பொதுக் காப்புறுதி இதற்கு உதவாது.

அந்த 2,400 டாலரில் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அடியில் தங்கிய கசடை எத்தனை கேலன் வரை உறிஞ்சுவார்கள், மிஞ்சினால் கேலனுக்கு எவ்வளவு? மணலை அள்ளுவது தனிக் கட்டணமா? தொட்டியை வெட்டித் துடைப்பது, குழாய்களை அகற்றுவது, குழியைச் சுத்தமான மண்ணால் மூடுவது எல்லாம் சேர்ந்ததா? தோண்டுமுன் 811 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லி, எரிவாயு, மின் தடங்களைக் குறிக்க வைப்பாரா? மண் கெட்டிருந்தால் டன்னுக்கு எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். குழி திறந்து கிடக்கும்போது பேரம் பேச முடியாது.

மண் மாதிரியை வேறொரு நிறுவனம் எடுப்பதே நல்லது. தொட்டியை எடுப்பவரே மண்ணையும் சோதித்தால், மாசு கண்டால் அடுத்த வேலையும் அவருக்கே. அவருக்கு அந்த ஆசை காட்ட வேண்டாம். நகராட்சி ஆய்வாளர் குழியைப் பார்த்து, ஆய்வகத்தின் முடிவும் வந்தபிறகே கடைசித் தவணை. கழிவு அகற்றிய ரசீது, தொட்டியைப் பழைய இரும்புக்குப் போட்ட ரசீது இரண்டையும் மகள் பத்திரப்படுத்த வேண்டும். நாளை அந்த வீட்டை விற்கும்போது கேட்பார்கள்.

கசிவு தெரிந்தால் மாநிலத்துக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். சுத்திகரிப்பு முடிந்து, 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்ற கடிதம் வர மாதங்கள் ஆகலாம். விற்பவர் அதுவரை பொறுக்க மாட்டேன் என்றால், சுத்திகரிப்புச் செலவின் மதிப்பீட்டைப்போல் ஒன்றரை மடங்குத் தொகையை வழக்கறிஞரின் பொறுப்புக் கணக்கில் நிறுத்தி வைக்கக் கேளுங்கள். மண் சோதனைக்கே மறுத்தால் வேறு வீடு பார்ப்பது மேல்.

உங்கள் பணத்தைப் பற்றி: கடன் தரும் வங்கி, இது திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு என்று உங்கள் கையெழுத்துடன் கடிதம் கேட்கும். வெளிநாட்டவரிடமிருந்து ஓராண்டில் 100,000 டாலருக்கு மேல் அன்பளிப்பு பெறும் அமெரிக்க வரிவாசி, அதை அந்நாட்டு வரித்துறைக்குத் தெரிவிக்கும் படிவம் 3520ஐத் தாக்கல் செய்ய வேண்டும். வரி கிடையாது, ஆனால் மறந்தால் மாதம் 5 விழுக்காடு வீதம் 25 விழுக்காடு வரை அபராதம் ஏறலாம். மண் அறிக்கை வரும்வரை தொகை உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். அனுப்பும் நாளில் இடைவங்கிக் கட்டணம் யார் தலையில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.