வாசகர் கேள்வி - பதில்: ஓநாய் சொன்ன கதையும் அம்மம்மா சொன்ன கதையும்

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. மூன்று பன்றிக்குட்டிகளின் கதையை என் அம்மா சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. போன மாதம் உறவினர் ஒருவர் ஆங்கிலப் படக்கதைப் புத்தகம் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். அதில் ஓநாயே கதை சொல்கிறது. பாட்டியின் பிறந்தநாள் கேக்குக்காக அயலில் சீனி கேட்கப் போனதாகவும், தடிமன் பிடித்திருந்ததால் வந்த தும்மலில் வீடுகள் விழுந்துவிட்டதாகவும் அது சாதிக்கிறது. கேட்டு முடித்ததும் மகள், "அப்ப அம்மம்மா சொன்னது பொய்யா?" என்றாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்தப் புத்தகத்தைக் கண்டாலே ஆகாது. இத்தகைய புத்தகங்களை இந்த வயதில் வாசித்துக் காட்டலாமா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மம்மாவின் கோபத்தில் பாதி நியாயம் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். மூலக்கதை தெரியாத பிள்ளைக்கு அதைப் புரட்டிப்போட்ட கதையில் சிரிக்க எதுவும் இல்லை. வைக்கோல் வீடும் தடி வீடும் செங்கல் வீடும் மனதில் நிலைத்த பிறகுதான் ஓநாயின் தும்மல் வேடிக்கையாகிறது. உங்கள் மகளுக்கு அந்த வேடிக்கை எட்டியதற்கு அம்மம்மா போட்ட அத்திவாரமே காரணம் என்பதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டும்.

ஆனால் கதையை மாற்றுவதே தவறு என்று அவர் நினைத்தால், அதை என்னால் ஏற்க முடியாது. ஜோசப் ஜேக்கப்ஸ் 1890ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கிலக் கதையில் முதல் இரண்டு பன்றிகளையும் ஓநாய் தின்றுவிடுகிறது. மூன்றாவது பன்றியோ, புகைபோக்கி வழியாகக் கொதிபானைக்குள் விழுந்த ஓநாயை அவித்து இரவு உணவாக்கிக்கொள்கிறது. அம்மம்மாவின் கதையில் முதலிரு குட்டிகளும் தப்பியோடி மூன்றாவது குட்டியின் வீட்டுக்குள் புகுந்துகொள்கின்றன என்றால், அதுவும் யாரோ பிள்ளைகள்மேல் இரக்கப்பட்டு மாற்றிச் சொன்ன கதைதான். சிவப்புத் தொப்பிக்காரச் சிறுமியின் கதையும் இப்படித்தான். 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதியபோது ஓநாய் அவளை விழுங்குவதோடு கதை முடிந்தது. 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டபோது வேடன் ஒருவன் வந்து அவளை மீட்டான்.

உங்களுக்குக் கிடைத்தது, நீங்கள் சொல்வதைப் பார்த்தால், ஜோன் ஷெஸ்கா எழுதி லேன் ஸ்மித் படம் வரைந்து 1989இல் வெளியான புத்தகமாக இருக்க வேண்டும். அதன் சொற்களை மட்டும் வாசித்துக்கொண்டு போனால் ஓநாய் அப்பாவியாகவே தோன்றும். பிறந்தநாள் கேக்குக்கு மாக் கலக்கும் படத்தை மகளோடு சேர்ந்து உற்றுப் பாருங்கள். பாத்திரத்திலிருந்து முயற்காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். வாய் ஒன்று சொல்ல, படம் வேறொன்றைக் காட்டிக்கொடுக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை, வாசிக்கும் பெரியவரை முந்திக்கொண்டு அந்தக் காதுகளைக் கண்டுபிடிக்கும். ஆகவே அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள்.

"பொய்யா?" என்ற கேள்விக்கு, "அது அம்மம்மா சொன்ன கதை, இது ஓநாய் சொல்லும் கதை; நீ யாரை நம்புகிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். கோப்பையை உடைத்துவிட்டு, "அது தானாகவே விழுந்தது" என்று அவளும் என்றாவது சொல்லியிருப்பாள். ஓநாயின் சாட்டு அவளுக்கு நன்கு பழக்கமானதே.

ஆங்கில வரிகளை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்து வாசிக்க முயல வேண்டாம். நம் வாய்க்கு அது ஒருபோதும் கதையாக வராது. புத்தகத்தை முதலில் நீங்கள் தனியே படித்துவிட்டு, படங்களை வைத்துக்கொண்டு உங்கள் பேச்சுத் தமிழிலேயே சொல்லுங்கள். இன்னொன்று: ஓநாய் இலங்கைக் காடுகளில் இல்லாத விலங்கு. நம் பிள்ளைகளுக்கு ஏமாற்றுக்காரன் என்றால் நரிதான், அதிலும் பாட்டி சுட்ட வடையைக் காகத்திடமிருந்து தட்டிப் பறித்த நரி. அந்தக் கதையை மாற்றிச் சொல்லும் வழக்கம் நம்மிடம் முன்பே உண்டு. வடையைக் காலுக்கடியில் இடுக்கிக்கொண்டு "கா கா" என்று பாடிய காகத்தை அறியாதவர் யார்? சில ஆண்டுகளுக்கு முன் காலிமுகத்திடலில் என் பேரன் கையிலிருந்த இறால் வடையைக் காகம் ஒன்று கொத்திக்கொண்டு போனது. அழுது ஓய்ந்தவன், "நரி எப்ப வரும்?" என்று கேட்டுக் கடற்கரையெங்கும் தேடினான். வீடு வரும் வரை அந்த நரியைப் பேருந்தில் ஏற்றுவதா, முச்சக்கர வண்டியில் ஏற்றுவதா என்பதே எங்கள் கதையாக இருந்தது. புத்தகம் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் இது கைகூடும்.

அம்மம்மாவையும் விலக்கி வைக்காதீர்கள். ஓர் இரவு அவர் தம் கதையைச் சொல்லட்டும், மறுநாள் நீங்கள் ஓநாயின் வாக்குமூலத்தை வாசியுங்கள். இடையில் அவர், "இந்த ஓநாய் சொல்வதை நான் நம்பமாட்டேன்" என்று குறுக்கிட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று வயது. அவன் ரசிக்கும் தலைகீழ்க் கதைகளை வாசித்தால் இவள் எழுந்து போய்விடுகிறாள். இருவருக்கும் ஒன்றாக வாசிக்க என்ன வழி?
- ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்: அவள் எழுந்து போவது இயல்பு, தெரியாத கதையின் தலைகீழில் அவளுக்கு என்ன வேலை? கொழும்புப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியிலோ வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்திலோ மூலக்கதையை நேராகச் சொல்லும் புத்தகங்களைத் தேடிப் பாருங்கள். கிடைத்ததை அவளுக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பை அண்ணனிடம் கொடுங்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது மூன்று வயதுக்கு அலுக்காது, அவனுக்குத்தான் அலுக்கும். அலுப்பில் அவனாகவே எதையாவது மாற்றிச் சொல்வான். "இல்லை, முதல்ல வைக்கோல் வீடு!" என்று அவள் அவனைத் திருத்தும் நாளில் ஓநாயின் புத்தகத்தை வெளியில் எடுக்கலாம்.