படிக்க முடியாத செக்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சின்ன ஸ்டூடியோ ஒன்று வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்கள் எல்லாம் 2 டெராபைட் வெளி ஹாட் டிஸ்க் ஒன்றில் இருக்கின்றன. பிரதி எடுக்கும்போது பாதியில் நின்று ‘சைக்ளிக் ரிடண்டன்சி செக்’ என்று பிழை காட்டுகிறது. டிஸ்க்கின் நலம் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்போ மென்பொருள் மஞ்சள் நிறமாகி, சி5 என்ற வரியில் 18 என்று நிற்கிறது. விண்டோஸின் செக்டிஸ்க் ஓடவிட்டால் சரியாகும் என்கிறார்கள். டிஸ்க்குக்குள்ளேயே பிழைதிருத்தம் உண்டாமே, அது ஏன் திருத்தவில்லை? அதைவிடத் திறமாகத் திருத்தும் மென்பொருள் இருக்கிறதா?
– வாசகர், உவர்மலை

பதில்: செக்டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். முதலில் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

டிஸ்க் தரவை எழுதும் சிறு துண்டுக்குச் செக்டர் என்று பெயர். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கையே சி5 வரி. அந்த 18 பதினாறடிமான எண். நாம் எண்ணும் முறையில் 24. பல டிஸ்க்குகள் இதை 512 பைட் கணக்கில்தான் எண்ணும். ஆகவே டிஸ்க்கினுள் சுழலும் தட்டில் பழுதானவை 4096 பைட் கொண்ட மூன்று செக்டர்களாக இருக்கலாம். மொத்தமே 12 கிலோபைட். ஆனால் இது இதுவரை படித்துப் பார்த்த இடங்களின் கணக்கு மட்டுமே.

உங்கள் டிஸ்க்கின் பிழைதிருத்தம் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு 4096 பைட்டோடும் சுமார் 100 பைட் திருத்தத் தரவையும் டிஸ்க் சேர்த்தே எழுதுகிறது. முன்பு 512 பைட்டுக்குச் சுமார் 50 பைட் போனது. நீளமான செக்டரில் குறைந்த இடத்தில் கூடுதல் பிழையைத் தாங்கலாம் என்பதால்தான் 2010ஐ ஒட்டி 4096க்கு மாறினார்கள். ரீட், சாலமன் இருவரும் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்தக் குறிமுறை நெடுங்காலம் இந்த வேலையைச் செய்தது; பின்னர் எல்டிபிசி என்ற வேறொரு குறிமுறை வந்தது. நல்ல டிஸ்க்கிலும் வாசிப்பு இந்தத் திருத்தத்தை நம்பித்தான் நடக்கிறது. திருத்தம் சரிவராவிட்டால் டிஸ்க், தட்டைப் படிக்கும் முனையான ஹெட்டைச் சற்று விலக்கி வைத்து அதே இடத்தை மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கும். அதுவும் தோற்ற பிறகே உங்களுக்குப் பிழைச் செய்தி வருகிறது.

இதற்குமேல் வெளியிலிருந்து திருத்த வழியில்லை. ஹெட் படித்த மூலச் சமிக்ஞை டிஸ்க்கை விட்டு வெளியே வருவதில்லை. முழுச் செக்டர் கிடைக்கும், அல்லது ஒன்றுமே கிடைக்காது. மென்பொருளால் ஆகக்கூடியது, எதை முதலில் கேட்பது, எதைக் கடைசிக்கு விடுவது என்ற ஒழுங்கு மட்டுமே. அந்த ஒழுங்கில்தான் படங்கள் தப்பும். செக்டிஸ்க்கின் பழுது தேடும் முறை இதற்கு நேர் எதிர். நலிந்த டிஸ்க் முழுவதையும் படிக்கவைத்து, கோப்பு அமைப்பின் திருத்தங்களையும் அதே டிஸ்க்கில் எழுதும்.

செய்ய வேண்டியது இது. 2 டெராபைட்டுக்குக் குறையாத வெற்று டிஸ்க் ஒன்று வாங்குங்கள். உபுண்டு இயங்குதளத்தை யூஎஸ்பியிலிருந்து ஏற்றி, ஜிடிடிரெஸ்கியூ என்ற பொதியை நிறுவுங்கள். ஓடும் கட்டளையின் பெயர் டிடிரெஸ்கியூ. அது பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் பிரதி, அதாவது படிமம், எடுக்கும். தொடங்கும்முன் இரண்டு டிஸ்க்கின் தொடர் இலக்கத்தையும் தாளில் எழுதி ஒப்பிடுங்கள். மூலமும் இலக்கும் இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின்மேல் எழுதப்பட்டுவிடும்.

முதல் சுற்றில், பழுதான இடங்களைத் துருவித் துருவிப் படிக்கும் ‘சுரண்டும்’ கட்டத்தைத் தவிர்க்கும் தெரிவைப் போடுங்கள். இலகுவாகக் கிடைப்பதை அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போகும். எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு ‘மேப்’ கோப்பில் இருக்கும். அதைத் தனியான பென்டிரைவ் ஒன்றில் சேமியுங்கள். யூஎஸ்பி உபுண்டுவின் முகப்பில் வைத்தால் கரண்ட் போனதும் கணக்கும் போய்விடும், பிறகு அந்த நலிந்த டிஸ்க்கை ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டிவரும். இரண்டாம் சுற்றில், இயங்குதளத்தின் இடைச்சேமிப்பைத் தாண்டி டிஸ்க்கையே படிக்கும் நேரடி அணுகலையும் மூன்று மறுமுயற்சியையும் தெரிவுசெய்யுங்கள். இன்னும் மிச்சமிருந்தால் பின்னாலிருந்து முன்னோக்கிப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்திலிருந்து சிக்காத இடம் மறுபக்கத்திலிருந்து சிக்குவதுண்டு. டிஸ்க்கின் கீழ் ஒரு மேசை விசிறி ஓடட்டும். இடையில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள். அது ஹெட் பழுது, தூய அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்தின் வேலை.

இனி எந்தப் படம் பழுது என்று கண்டுபிடிக்க வேண்டும். எடுத்த படிமத்துக்கு இன்னொரு பிரதி எடுத்து, படிக்க முடியாத இடங்களில் மட்டும் ஒரு அடையாளச் சொல்லை நிரப்பும் வசதி டிடிரெஸ்கியூவில் உண்டு. பிறகு எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடினால் பழுதானவை பெயரோடு வந்து நிற்கும். ஜேபெக் படத்தில் 4096 பைட் போனால் பெரும்பாலும் அந்த இடத்துக்குக் கீழே நிறம் மாறும், அல்லது படம் பக்கவாட்டில் நகரும். மேல் பாதி நன்றாகவே இருக்கும்.

கேள்வி: கரண்ட் போய் வந்த பிறகு சி5 வரி 8 காட்டியது. முக்கியமான கோப்புகளை எடுத்துவிட்டு டிஸ்க்கை முழுமையாக ஃபோர்மட் செய்தேன். இப்போது 0. டிஸ்க்கை நம்பலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: 05 என்ற வரியையும் பாருங்கள். அதுவும் 0 என்றால் பெரும்பாலும் தட்டில் காயமில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் செக்டரின் ஒரு பகுதி புதிது, மிச்சம் பழையது என்று நின்றுவிடும். திருத்தத் தரவோடு அது பொருந்தாது. மறுபடி முழுதாக எழுதியதும் பொருந்திவிடுகிறது. 05 ஏறியிருந்தால் டிஸ்க் அந்த இடத்தைக் கைவிட்டு மாற்றிடத்துக்குப் போயிருக்கிறது. அப்படியானால் அதில் இருக்கும் ஒரே பிரதி என்று எதையும் வைக்காதீர்கள். கேபிள் வழியே தரவு போகும்போது வரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறுகிறதென்றால் கேபிளை மாற்றுங்கள், தட்டுக்கு ஒன்றுமில்லை. யூபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பழுதான டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் வேலை செய்யுமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: வேண்டாம். நம் கடற்கரை ஈரக்காற்றில் குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்தவுடன் நீர் கோர்க்கும். தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான்.

கேள்வி: டிஸ்க்கின் திருத்தம் போதாவிட்டால் நாமே கூடுதலாகச் சேர்க்க முடியாதா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: முடியும், இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். விண்டோஸில் மல்டிபார் என்ற இலவச மென்பொருள் போதும். அது உருவாக்கும் பார்2 கோப்புகளும் அதே ரீட்-சாலமன் முறைதான். ஒரு நிகழ்வின் படங்கள் 25 ஜிகாபைட் என்று வையுங்கள். சுருக்காமல் ஒரே சிப் கோப்பாக்கி, 2000 துண்டாகப் பிரித்து, 10 வீதம் மீட்புத் தரவு கேளுங்கள். 200 மீட்புத் துண்டு, 2.5 ஜிகாபைட் கிடைக்கும். இனி எந்த 200 துண்டு கெட்டாலும் முழுக் கோப்பும் பைட் பிசகாமல் திரும்பும்.

பிழையின் இடம் தெரியாவிட்டால், ஒன்றைத் திருத்த, கூடுதலாகச் சேர்த்த மிகைக் குறிகள் இரண்டு தேவை; இடம் தெரிந்தால் ஒன்று போதும். பார்2 ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால் இடம் தெரிந்துவிடும். உவர்மலை வாசகர் முன்பே இப்படிச் செய்து வைத்திருந்தால், மூன்று செக்டர் போனது ஆகக்கூடினால் ஆறு துண்டைத்தான் கெடுத்திருக்கும். டிடிரெஸ்கியூ எடுத்த படிமத்திலிருந்து அந்தச் சிப் கோப்பை எடுத்து மல்டிபாரில் கொடுத்திருந்தால் ஒரு படமும் போயிருக்காது.

சிப் ஆக்கச் சொல்வதற்குக் காரணம், பார்2வில் ஒவ்வொரு கோப்பும் புதுத் துண்டில்தான் தொடங்கும். சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இடம் வீணாகும். மீட்புக் கோப்புகளை வேறு டிஸ்க்கில் வையுங்கள். மூலக் கோப்பை மாற்றினால் அவையும் பயன்படாமல் போகும், ஆகவே படங்களைத் தெரிவுசெய்து முடித்த பின் உருவாக்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மல்டிபாரில் சரிபார்ப்பை ஓடவிடுங்கள். அது ஒவ்வொரு பைட்டையும் படிப்பதால் சி5 வரி ஏறுகிறதா என்பதும் அன்றே தெரிந்துவிடும்.