“இது வழக்கமானதா, ஆபத்தா?” – கருத்தடை பற்றி வாசகர் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கருத்தடை முறை ஒன்றைக் கொடுக்கும்போதே “இன்ன தொந்தரவு வரும், இத்தனை மாதம் இருக்கும்” என்று உட்கார வைத்துச் சொல்லிவிட்டால், பயந்துபோய் பாதியில் விடுகிறவர்கள் குறைவார்கள். பாதியில் விட்டு, மாற்று எதுவும் இல்லாமல் இருக்கும் அந்த ஒன்றிரண்டு மாதத்தில்தான் வேண்டாத கர்ப்பம் வந்து நிற்கிறது.

கே: இரண்டு வயதில் ஒரு பையன் இருக்கிறான். மூன்று மாதத்துக்கு முன் காப்பர் டி (கர்ப்பப்பைக்குள் வைக்கும் செம்புக் கருத்தடைச் சாதனம்) போட்டுக்கொண்டேன். முன்பு நாலு நாள் இருந்த மாதவிலக்கு இப்போது ஏழெட்டு நாள் போகிறது. முதல் இரண்டு நாள் அடிவயிற்று வலி தாங்க முடியவில்லை. “மேலே ஏறி நெஞ்சுக்குப் போயிடும், எடுத்துடு” என்கிறார் மாமியார். எடுத்துவிடலாமா?
– வாசகி, பண்ருட்டி

ப: நெஞ்சுக்குப் போகாது. கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. மிக அரிதாக, பெரும்பாலும் போடும் சமயத்திலேயே, கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுந்து காப்பர் டி வயிற்றறைக்குள் நழுவுவதுண்டு. அதை ஸ்கேனிலோ எக்ஸ்ரேயிலோ கண்டுபிடித்து எடுத்துவிடலாம். இதை மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிட, அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு போய் நர்ஸ் வாயால் கேட்க வைப்பது நல்லது.

உங்களுக்கு வந்திருப்பது காப்பர் டி போட்டவர்களுக்கு வழக்கமாக வருவதுதான். செம்பு கர்ப்பப்பையின் உள் சவ்வை லேசாக உறுத்துகிறது. அந்த இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் அதிகமாகச் சுரப்பதால் வலியும் போக்கும் கூடுகின்றன. முதல் மூன்று முதல் ஆறு மாதம் இப்படி இருந்து, பிறகு பெரும்பாலும் குறையும்.

அதுவரை செய்ய வேண்டியது: மாதவிலக்கு தொடங்கும் அன்றே, வலி முற்றுவதற்குக் காத்திருக்காமல், ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு நாளுக்கு மூன்று வேளை, அதிகபட்சம் ஐந்து நாள் எடுக்கலாம். இது புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே தடுப்பதால் வலியோடு போக்கும் குறையும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது கூடாது. ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டிவிடும். இதிலும் போக்கு அடங்காவிட்டால் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை இருக்கிறது. ஆனால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்கள் அதை எடுக்கக் கூடாது என்பதால் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடும் பாலோடும் விழுங்கினால் உடம்பில் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாதவிலக்கு முடிந்ததும் காப்பர் டியின் நுனியில் தொங்கும் நூலைச் சோதிக்க வேண்டும். கையை சோப்பு போட்டுக் கழுவி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நடுவிரலை உள்ளே விட்டால் மூக்கு நுனி மாதிரி கெட்டியாகக் கர்ப்பப்பை வாய் தட்டுப்படும். அங்கே மெல்லிய நூல் தெரியும். நூலை இழுக்காதீர்கள். நூல் தட்டுப்படவில்லை, நீளமாகிவிட்டது, அல்லது பிளாஸ்டிக் குச்சி மாதிரி ஏதோ குத்துகிறது என்றால் காப்பர் டி நகர்ந்திருக்கலாம், வெளியே விழுந்தும் இருக்கலாம். ஸ்கேன் எடுக்கும்வரை ஆணுறை கட்டாயம். பிரசவமான கையோடு போட்டவர்களுக்கு இப்படி நழுவி விழுவது கொஞ்சம் அதிகம்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு அடிவயிற்று வலி, நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், நாள் தள்ளிப்போவது – இவற்றுக்கும் காத்திருக்காதீர்கள்.

இவ்வளவும் செய்து ஆறு மாதம் கழித்தும் தாங்கவில்லையா? எடுத்துவிடுங்கள், அது உங்கள் உரிமை, யாரும் மறுக்கக் கூடாது. எடுப்பது ஒரு நிமிட வேலைதான். ஆனால் எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஆணுறை பயன்படுத்துங்கள். விந்தணு உள்ளே ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். முந்தின நாள் உறவு கொண்டுவிட்டு மறுநாள் எடுத்தால் கரு தங்கிவிடலாம்.

கே: அந்தரா கருத்தடை ஊசி இரண்டு முறை போட்டாயிற்று. நாலு மாதமாக மாதவிலக்கே இல்லை. கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிக் கட்டியாகிவிடுமா? அடுத்த வருஷம் இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை.
– வாசகி, வில்லியனூர்

ப: தங்குவதற்கு ரத்தம் இருந்தால்தானே? இந்த ஊசி கர்ப்பப்பையின் உள் சவ்வை வளரவிடாமல் மெலிதாக வைத்திருக்கிறது. சவ்வு வளரவில்லை, அதனால் உதிரவும் இல்லை. ஓராண்டு தொடர்ந்து போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மாதவிலக்கு நின்றுவிடுகிறது. ரத்தசோகை உள்ளவர்களுக்கு இது நன்மைதான். வாந்தி, மார்பில் கனம் மாதிரி அறிகுறி இருந்தால் மட்டும் சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிதான் முக்கியம். அந்தராவை நிறுத்திய உடனே கரு தங்குவதில்லை. கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்றால் மூன்றாவது ஊசியைப் போடாமல், ஆணுறைக்கோ மாத்திரைக்கோ மாறிவிடுங்கள். தொடர்வதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்போ நாலு வாரம் பின்போ போடலாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், வெந்நீர் ஒத்தடமும் கொடுக்காதீர்கள். மருந்து சீக்கிரம் கரைந்து அதன் பலம் குறையும்.

கே: சாயா கருத்தடை மாத்திரை எந்தக் கிழமை போடுவது என்று குழப்பமாகவே இருக்கிறது. ஒரு தடவை மறந்தும் போனேன்.
– வாசகி, கடலூர் முதுநகர்

ப: மாதவிலக்கான முதல் நாள் முதல் மாத்திரை, அதிலிருந்து மூன்று நாள் கழித்து இரண்டாவது. ஞாயிறு தொடங்கினால் ஞாயிறும் புதனும்; திங்கள் தொடங்கினால் திங்களும் வியாழனும். மூன்று மாதம் இப்படி வாரம் இரண்டு. நாலாம் மாதத்திலிருந்து வாரம் ஒன்று, அதே முதல் கிழமையில். இடையில் மாதவிலக்கு எப்போது வந்தாலும் கிழமையை மாற்ற வேண்டாம். காலண்டரில் பேனாவால் சுழித்து வைத்துவிடுங்கள்.

மறந்தது ஏழு நாளுக்குள் என்றால், நினைவு வந்ததும் போட்டுவிட்டு வழக்கம்போலத் தொடருங்கள். அடுத்த மாதவிலக்குவரை ஆணுறையும் வேண்டும். ஏழு நாளைத் தாண்டிவிட்டால் முதலிலிருந்து, வாரம் இரண்டு என்றே தொடங்க வேண்டும். இதில் ஹார்மோன் கிடையாது, பால் கொடுப்பவர்களும் போடலாம். மாதவிலக்கு தள்ளிப்போவதுதான் இதன் முக்கியத் தொந்தரவு. 15 நாளுக்கு மேல் தள்ளினால் கர்ப்பச் சோதனை செய்யுங்கள். சினைப்பை நீர்க்கட்டியோ கல்லீரல் கோளாறோ இருந்தால் இந்த மாத்திரை வேண்டாம்.

கே: வயது 38. பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மெடிக்கலில் மாலா-டி கருத்தடை மாத்திரை வாங்கிப் போடலாமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

ப: வேண்டாம். அதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது பக்கவாதம், மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும். கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்களுக்கும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கும், பிரசவமாகி ஆறு மாதத்துக்குள் பால் கொடுப்பவர்களுக்கும் இதே பதில்தான். உங்களுக்கு காப்பர் டி பொருந்தும். 380ஏ வகை பத்து ஆண்டுவரை வேலை செய்யும்.

கே: மனைவிக்கு ரத்தசோகை. நானே ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். மூட்டை தூக்கும் வேலை. பலம் போய்விடுமா?
– வாசகர், பாகூர்

ப: நல்ல முடிவு. பலமும் போகாது, ஆண்மையும் குறையாது. விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். ஹார்மோன் வழக்கம்போல ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். தழும்பில்லாத முறையில் கத்தி வைப்பதில்லை, சின்னத் துளைதான். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு நாள் இறுக்கமான ஜட்டி போட்டு ஓய்வெடுங்கள். ஒரு வாரம் மூட்டை தூக்கவோ சைக்கிள் மிதிக்கவோ வேண்டாம். விதைப்பை வீங்கிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். குழாயில் முன்பே தங்கிய விந்தணு தீர மூன்று மாதம் ஆகும். மூன்று மாதம் கழித்து ஆபரேஷன் செய்த இடத்திலேயே விந்துப் பரிசோதனை கொடுத்து, விந்தணு இல்லை என்ற ரிப்போர்ட் கையில் வரும்வரை ஆணுறை கட்டாயம்.